பின் சீட்டு ஸ்பீக்கர்

மார்ச் 3

தம்பிக்கு,

என்னடா இது, அக்கா காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். காகிதத்தில் ஒருத்தர் கத்தி முடித்த பிறகுதான் அடுத்தவர் ஆரம்பிக்க முடியும். உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர், உன் மாமாவின் போனிலும். நேற்று நான் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ சிரித்தாய். வாய்விட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நீ பாதியில் சிரித்துவிட்டதால் மீதியைக் கேட்டிருக்க மாட்டாய். கேள். நேற்றுக் காலை பத்து மணிக்கு, பாலத்துச் சந்திப்பில், சிக்னல் பச்சை விழுந்த நேரத்தில் வண்டி செத்தது. திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் வந்தது. அதோடு சரி. பின் சீட்டில் இருந்த பெண் பரீட்சைக்குப் போகிறவள். கதவைத் திறந்து ஓடிப் போய் வேறு டாக்சியில் ஏறிவிட்டாள். உன் மாமா இருபத்தாறு வருடம் போக்குவரத்துப் போலீஸாக நின்று விசில் ஊதி, புகையைக் குடித்து, நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட அதே சந்திப்பு. அங்கே நின்றால் என்ஜின் தானாக அணைந்துவிடும், புகை வராது என்பதற்காகத்தான் மூன்று வருடம் முன்னால், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற இந்த ஹைப்ரிட்டை வாங்கினேன். உனக்குத் தெரியாததில்லை. அன்றைக்கும் சிரித்தாய்.

எங்கள் டாக்சி ஸ்டாண்டு ஆட்கள்தான் வந்து தள்ளினார்கள். சைரன் என்று ஒருத்தரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, தொண்டையாலேயே வண்டி ஓட்டுகிறவர். அவர் தள்ளிக்கொண்டே, "என்ன கரண்ட் அக்கா, கரண்ட் கட்டா?" என்றார். தெருவே சிரித்தது.

சிரிப்பைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் 28ஆம் தேதி சங்கக் கூட்டம் இருக்கிறது. ஸ்டாண்டில் நாற்பது பேருடைய வண்டிகளுக்கு இந்த வருடத்தோடு வயது முடிகிறது, எல்லாரும் மாற்றியாக வேண்டும். மொத்தமாகச் சேர்ந்து ஹைப்ரிட் வாங்கலாமா, பழைய மாதிரி பெட்ரோல் வண்டியே போதுமா என்று அன்று முடிவு செய்கிறார்கள். மூன்று வருடம் ஓட்டியவள் நான் ஒருத்திதான். "அக்கா என்ன சொல்லுதோ அதான்" என்று தலைவர் போன மாதமே சொல்லிவிட்டார். நாற்பது வீட்டின் பிழைப்பு என் நாக்கில் நிற்கிறது. என் வண்டியோ கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். ஏன் போனது என்று பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இழுவை வண்டி வருவதற்குள், நீ தைத்துக் கொடுத்த சீட் கவர் முழுவதையும் ஸ்டாண்டிலேயே கழற்றி, தூசி தட்டி, மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மெக்கானிக்குகளின் எண்ணெய்க் கை அதில் படக்கூடாது என்று. அந்த நிலைமையிலும் உன் தையலைப் பற்றிக் கவலைப்பட்டவள் நான். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்தாய்.

அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு,

சிரித்தது தப்புதான். சரி, அது முடிந்தது. இனிமேல் வருவது தப்பில்லை.

மூன்று வருடம் முன்னால் நான் என்ன சொன்னேன்? ஒரே வண்டிக்குள் இரண்டு வண்டியைத் திணித்து வைத்திருக்கிறான், ஒன்று கெட்டால் இரண்டும் நிற்கும் என்றேன். நீ என்னைப் படிக்காதவன் என்றாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. உன் வீட்டில் சாப்பாட்டு மேசையில், மாமா முன்னால் சொன்னாய்.

உன் பழைய வண்டிக்கு என்ன குறை? பதினொரு வயது, என்ஜின் கல்லு மாதிரி. மூன்று முறை நான்தான் அதற்குச் சீட் மாற்றினேன். இன்னும் எட்டு வருடம் ஓடியிருக்கும். காற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை விற்றாயே, அது எங்கே போயிற்று? மாயமாய் மறைந்துவிட்டதா? வேறு ஏதோ ஊரில் வேறு எவனோ ஓட்டுகிறான். அங்கே சந்திப்பில் நிற்கிற போலீஸ்காரர் மூக்கில் அது புகை விடுகிறது. அவருக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள். நீ புகையைக் குறைக்கவில்லை அக்கா. இடம் மாற்றி வைத்தாய்.

அந்தப் பேட்டரிக்குள் இருப்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததா? எங்கோ மலையைக் குடைந்து, எவன் கையோ வெந்து வந்தது. அதை உருக்க எரித்த எரிபொருளை எந்தக் கணக்கில் எழுதுவது? ஷோரூமில் பச்சை இலை படம் போட்டு மாட்டினால் போதும், உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். போன வருடம் உன் வண்டியை நான் நெடுஞ்சாலையில் ஓட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? நான்கு மணி நேரத்தில் என்ஜின் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. அந்தக் கனத்த பேட்டரி சும்மா பயணி மாதிரி பின்னால் உட்கார்ந்து வந்தது.

28ஆம் தேதி என்ன சொல்வது என்று நீ தவிக்கவே வேண்டாம். உள்ளதைச் சொல். "ஏமாந்துட்டேன், நீங்களாச்சும் ஏமாறாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார். நாற்பது பேரும் உன்னைக் கும்பிடுவார்கள்.

அந்த வண்டியில் மூன்று வருடமும் உழைத்த சாமான் ஒன்றே ஒன்றுதான். நான் தைத்த சீட். அதைக் கழற்றி வைத்ததற்கு நன்றி. வெயில் படாத இடத்தில் வை.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "புகையை இடம் மாற்றி வைத்தாய்" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பேசுவதற்கு மூச்சுச் சேர்த்துக்கொண்டார். "இது மட்டும் நல்ல கேள்வி. மத்ததெல்லாம் வயித்தெரிச்சல்" என்றார். அவருக்கு உன்மேல் இருக்கும் பிரியம் எனக்கு இல்லை.

படிக்காதவன் என்று சொன்னது என் தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிக்கு வா.

மாமா மூன்று வருடமாக ஒரு நோட்டு எழுதுகிறார். நான் ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பிவிட்டு வந்ததும் ரசீதைக் கேட்டு வாங்குவார். தேதி, லிட்டர், ஓடிய தூரம், மூன்றையும் எழுதுவார். அவருக்கு இப்போது இருக்கிற உத்தியோகம் அதுதான். பழைய வண்டி இந்தத் தெருக்களில் லிட்டருக்குப் பத்து ஓடியது. இது இருபத்தொன்று. வருடத்துக்கு நாற்பத்தையாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இரண்டையும் வைத்துப் பார்த்தால், நான் எரிக்காமல் விட்ட பெட்ரோல் மட்டும் மூன்று வருடத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் லிட்டர். ஒரு தண்ணீர் லாரி நிறைய. பேட்டரி செய்ய எவ்வளவு எரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு லாரி எரித்திருக்க மாட்டார்கள் என்று மாமா சொல்கிறார். நெடுஞ்சாலையில் அது வீண் என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். நான் நெடுஞ்சாலையிலா பிழைக்கிறேன்? நாள் முழுக்க நிற்பதும் நகர்வதும்தான் என் தொழில். நின்றால் அணைகிற வண்டிதானே எனக்கு வேண்டும்?

இப்படியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லத்தான் இருந்தேன். நேற்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து மெக்கானிக் போன் செய்தார். பேட்டரி வெந்துபோய்விட்டதாம். அதற்குக் காற்று அனுப்ப உள்ளே ஒரு விசிறி இருக்கிறதாம். அது முழுக்கப் பஞ்சு அடைத்துச் சுற்றவே முடியாமல் கிடந்ததாம். "வீட்ல நாய் வளக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். "என் வண்டியில ஏறுறது மனுஷங்கதான்" என்றேன். "அப்ப டாக்சிக்கு இது சரிப்படாதும்மா. நாலு பேர் ஏறி இறங்குற தூசிய இது தாங்காது" என்றார். பராமரிப்புக் குறை என்று எழுதி, கம்பெனி பொறுப்பேற்காது என்றும் சொல்லிவிட்டார். புது பேட்டரி போட்டால் இந்த மூன்று வருடத்தில் மிஞ்சியதில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

ஆக, நீ ஜெயித்தாய். நாள் ஒன்றுக்கு முப்பது பேர் ஏறி இறங்குவதைத் தாங்காத வண்டியை நாற்பது டிரைவர்களுக்கு எப்படிச் சிபாரிசு செய்வேன்? 28ஆம் தேதி எழுந்து நின்று, "வாங்காதீங்க" என்று சொல்லப் போகிறேன். மூன்று வருடம் வாய் ஓயாமல் பெருமை பேசியதற்கு மன்னிப்பும் கேட்கப் போகிறேன். மாமா அந்த நோட்டை மூடி வைத்துவிட்டார். நேற்றிலிருந்து திறக்கவில்லை.

திருப்திதானே? நன்றாகச் சிரி.

அக்கா

மார்ச் 15

அக்கா,

இப்போது எதற்கு அவசரம்? 28க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு மெக்கானிக் சொன்னதை வைத்து வாங்காதே என்று சொல்வதா? அவன் கம்பெனி ஆள், தன் தலை தப்பினால் போதும் என்று பேசுவான்.

அந்தப் பஞ்சு என்ன நிறம்? கேட்டு எழுது.

விசிறி வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் கேள். முன்னாலா, பின்னாலா?

கடையில் வேலை அதிகம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மாமாவிடம் நோட்டைத் திறக்கச் சொல்.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

என்ன நிறமா? நான் பிழைப்புப் போய் இன்னொருத்தர் வண்டியை அரை நாள் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பஞ்சின் நிறம் வேண்டுமா? துணிக்கடைக்காரனா நீ?

இருந்தாலும் கேட்டேன். எனக்கு வேறு வேலை இல்லை பார். மெக்கானிக் அதை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். நேரிலேயே போய்ப் பார்த்தேன். சாம்பல் கலந்த நீலம். விசிறி பின்னால் இருக்கிறது. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருப்பதால், சீட்டின் இடது ஓரத்தில், முழங்கை படுகிற இடத்தில் ஒரு கறுப்பு வலை இருக்கும், அது வழியாகத்தான் காற்றை இழுக்குமாம். உனக்குத்தான் தெரியுமே, நீ கவர் தைக்க வந்தபோது ஸ்பீக்கர் என்று சொன்னாயே, அந்த

கொஞ்சம் இரு.

ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். 

அலமாரியிலிருந்து கவரை எடுத்தேன். இடது பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். உள்பக்கத்துத் துணியில் அந்த வலை அப்படியே பதிந்திருக்கிறது. கட்டம் கட்டமாக. மூன்று வருடம் அந்த விசிறி மூச்சுக்குத் தவித்து உன் துணியை உறிஞ்சியிருக்கிறது. அந்த இடத்தில் துணி தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறது. உள்ளே இருக்கிற பஞ்சு சாம்பல் நீலம்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வருகிறது, பாசஞ்சர்கள் கேட்கிறார்கள் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர்க்கா. ஓரமா இரையுது. நான் அடக்குறேன் பாரு" என்றாய். இரண்டு மடிப்பு வைத்து இறுக்கித் தைத்தாய். சத்தம் நின்றது. "கில்லாடிடா நீ" என்று உன் முதுகில் தட்டினேன். மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒன்றின் வாயை நீ பொத்தினாய், நான் உனக்குக் கைதட்டினேன்.

அது தெரியாமல் செய்தது. சரி. ஆனால் நிறம் கேட்டாயே! நிறம் கேட்ட அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பஞ்சு ரோலில் இருந்து வெட்டினாய் என்பது உனக்கு மறந்துபோகுமா? தெரிந்துகொண்டே, கடையில் வேலை அதிகம் என்று எழுதினாய். நான் நாற்பது பேர் முன்னால் நின்று என் மூன்று வருடத்தைக் குப்பையில் கொட்டப் போகிறேன் என்று தெரிந்தும், என்ன நிறம் என்று கேட்டாய். படிக்காதவன் என்று சொன்னதை எடுத்துக்கொண்டேனே, அதைத் திருப்பி வைக்கிறேன்.

அந்த மெக்கானிக் கவரைப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார். பார்க்கவிடாமல் செய்தது யார்? நான். எண்ணெய்க் கை படக்கூடாதாம்.

வண்டி தப்புச் செய்யவில்லை என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், "அப்ப யாரு?" என்று அடுத்த கேள்வி வரும். நான் என்ன சொல்ல? நம் ஸ்டாண்டில் ஆறு பேர் உன் கடையில்தான் சீட் தைக்கிறார்கள். என் பேச்சை நம்பி, ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் உன் ஊருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். நீயே எழுது. 28க்குள் எழுது. நீ எழுதுவதைத்தான் நான் சொல்வேன். உன் வாயால் வர வேண்டும்.

அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

கத்தி முடித்துவிட்டாயா? இப்போது என் முறை. ஆனால் கத்த எனக்கு ஒன்றும் இல்லை.

பஞ்சு என்று நீ எழுதியதைப் படித்தவுடனேயே தெரிந்துவிட்டது. கடையில் நின்றுகொண்டே படித்தேன். அந்த ரோல் என் தலைக்கு மேல் பரணில் இருந்தது. வேறு நிறமாக இருந்துவிடாதா என்று பார்த்தேன். அதற்குத்தான் கேட்டேன். என்னைத் திட்டு. இதற்கு வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

எனக்கு வலை என்றால் ஸ்பீக்கர்தான் அக்கா. இருபது வருடமாக வண்டியில் வலை வைத்த இடமெல்லாம் ஸ்பீக்கர்தான் இருந்தது. சீட்டுக்கு மூக்கு இருக்கும் என்று யார் கண்டது? வண்டியோடு தரும் புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருக்கிறான், இந்த இடத்தை மூடாதே என்று. நேற்று ஒரு வாடிக்கையாளர் வண்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினேழாம் பக்கம். உன் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டில் கிடந்தது. நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இது உன் மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. பாதி போடத்தான் எழுதினேன் என்று வைத்துக்கொள்.

இதற்கு மேல் இருப்பதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். உன் வண்டியைப் போட்டோ எடுத்துக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பின் சீட்டு, இடது ஓரம், துளி இடைவெளி தெரியாமல் தைத்தது. அதைக் காட்டி இந்த மூன்று வருடத்தில் அதே மாதிரி ஹைப்ரிட் வண்டிகள் பதினொன்றுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வாய் ஹைப்ரிட்டைத் திட்டும், கை அதற்கே சட்டை தைக்கும். அப்படி ஒரு பிழைப்பு. நேற்றிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். நான்கு வண்டி வந்தது. வலைக்கு மேல் அறுத்து ஓரம் தைத்துக் கொடுத்தேன். அறுக்கும்போது உள்ளே காற்று இழுக்கிற சத்தம் கேட்டது. ஒருவர் என்னை அடிக்கவே வந்துவிட்டார். அவர் அடித்திருக்கலாம்.

28ஆம் தேதி என் பெயரைச் சொல். கடையின் பெயரைச் சொல். "என் தம்பி தச்ச கவர்தான் அடைச்சிருச்சு" என்று அப்படியே சொல். எவனாவது பின் சீட்டுக்கு முழுக் கவர் போட்டால் அந்த வலையை விட்டுத்தான் போட வேண்டும் என்று சொல். அதுதான் முக்கியம். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையாவது உளறி வைக்காதே. சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை நான் உடைத்து நீ அடி வாங்கினாயே, அந்தப் புத்தி உனக்கு இன்னும் போகவில்லை.

லிட்டருக்கு இருபத்தொன்று என்பதை நான் மறுக்கவில்லை. உன் தெருக்களுக்கு அந்த வண்டி சரிதான். பழைய வண்டியைப் பற்றிக் கேட்டேனே, அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. மாமா நல்ல கேள்வி என்றாரே.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

22ஆம் தேதியிலிருந்து தினமும் மதியம் வீட்டுக்கு வந்து கதவடியில் பார்த்தேன். 24ஆம் தேதி மாமா தன் போனில் உன் நம்பருக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார். போனைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார். நான் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தேன். அது அடிக்கவே இல்லை. சரி, அவனுக்கு வாய் வரவில்லை, கடை போய்விடும் என்று பயப்படுகிறான் என்று முடிவு கட்டினேன். 28ஆம் தேதி மதியமும் கடிதம் இல்லை, நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய், சாயங்காலம் அங்கிருந்தே கூட்டத்துக்குப் போனேன்.

நன்றாகப் பேசினேன்டா. ஊருக்குள் நின்று நின்று ஓட்டுகிறவர்களுக்கு இது லாபம், காற்றுக்கும் லாபம் என்றேன். விமான நிலையத்துக்கும் வெளியூருக்கும் மட்டுமே ஓட்டுகிறவர்கள் வாங்க வேண்டாம், உங்களுக்கு அந்தப் பேட்டரி சும்மா சுமை என்றேன். பழைய வண்டியை விற்றால் அதன் புகை வேறு ஊருக்குப் போகும் என்று உன் கேள்வியையும் சொன்னேன். வயது முடிந்தவற்றை நொறுக்கக் கொடுப்போம் என்று தலைவர் எழுதிக்கொண்டார். நோட்டை ஒவ்வொருவராகக் கைமாற்றிப் பார்த்தார்கள். சைரன்கூடச் சத்தம் போடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

பிறகு அவர்தான் எழுந்தார். "எல்லாம் சரிக்கா. அப்ப உங்க பேட்டரி ஏன் போச்சு?"

உன் கடைக்கு வருகிற ஆறு பேர் முகமும் என் முன்னால் இருந்தது. உன் பெயர் நுனி நாக்குவரை வந்தது. "நானேதான்" என்றேன். "தெரியாம ஒரு துண்டப் போட்டு அந்த வலைய மூடி வச்சிட்டேன்." சிரித்தார்கள். கரண்ட் அக்கா துண்டு அக்கா ஆனாள். சிரித்துக்கொண்டே இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை ஆர்டர் கொடுப்பதாக முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தேன். கதவடியில் உன் கடிதம் கிடந்தது.

நின்றபடியே படித்தேன். என் பெயரைச் சொல் என்கிறாய். உளறாதே என்கிறாய். பதினொரு வண்டி என்கிறாய். நான் அப்போதுதான் துண்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். துண்டு என்று சொன்னால் இருபத்தாறு பேரில் ஒருத்தருக்காவது சீட் கவர் ஞாபகம் வருமா? புது வண்டி வந்த மறுநாளே உன்னைப் போல எவனிடமாவது கொண்டுபோய் இறுக்கித் தைத்துக்கொள்வார்கள். உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவர்கள் வண்டியைக் கொல்லப் போகிறது.

இன்று காலை ஆறு மணிக்கு, முதல் சவாரிக்கு முன்னால், எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். துண்டு இல்லை, சீட் கவர். தைத்தது என் தம்பி. அன்றைக்குச் சொன்னது பொய். கவரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். திருப்பி அந்தக் கட்டத் தடத்தைக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. உன்னைக்கூட யாரும் திட்டவில்லை. உன் வாடிக்கையாளர் ஒருத்தர், "பாவம், அவருக்கு என்ன தெரியும்" என்றார்.

சைரன் பக்கத்தில் வந்தார். அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "அக்கா, துண்டு பொய்யின்னா, அந்த நோட்டு?" என்றார்.

நோட்டு பொய் இல்லை என்று சொல்லலாம். இரண்டு நாள் முன்னால் அதே வாயால்தானே துண்டு என்று சொன்னேன்? தலைவர் இருபத்தாறு கையெழுத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு பழைய பேட்டரி கிடைத்திருக்கிறது, அதைப் போட்டு என் வண்டியை ஒரு மாதம் சைரன் ஓட்டுவார், லிட்டரை அவரே எழுதுவார், பிறகு பார்க்கலாம் என்று முடிவு. நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும், "நோட்டப் பாத்து என்ன சொன்னாங்க?" என்று மாமா கேட்டார். மூன்று வருடத்து எழுத்து அவருடையது. மூச்சு வாங்கும்போதும் எண்களை அழகாக எழுதுவார். "ரொம்ப நல்லா இருக்குன்னாங்க" என்றேன். இன்னொரு பொய்.

இப்போது உன் கடித உறை என் முன்னால் இருக்கிறது. உள்ளே 21 என்று தேதி போட்டிருக்கிறாய். உறையின் மேல் தபால் முத்திரை 26. மை ஒன்றும் மங்கவில்லை, தெளிவாகத் தெரிகிறது. எழுதி, மடித்து, ஒட்டி, ஐந்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். என் பெயரைச் சொல் என்று எழுதிய கை, அதைப் பெட்டியில் போடுவதற்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. நான் அந்த ஐந்து நாளும் கதவடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலையை ஸ்பீக்கர் என்று நினைத்ததை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். நானும்தான் அதற்குக் கைதட்டினேன். நிறம் கேட்டதைக்கூட விட்டுவிடலாம். பொய் சொன்னது நான், அதற்கும் நீ பொறுப்பில்லை. ஆனால் அந்த ஐந்து நாளுக்கு மட்டும் எனக்குக் காரணம் எதையும் எழுதாதே. நேரில் வா. வந்து உன் மாமாவிடம், அந்த நோட்டை ஏன் சந்தேகப்பட்டார்கள் என்று நீயே சொல்.

அக்கா